தண்ணீருக்குக் கழிவு

எங்கள் செலினா அத்தைக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும். நீளம்தான். அந்த வாய்தான் பதினொரு பசுக்களைக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

1928ஆம் ஆண்டு. இலங்கையில், எஹலியகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அத்தை கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மாமா காய்ச்சலில் போய்விட்டார். அவளுக்கென்று மிஞ்சியது இரண்டு பெண்பிள்ளைகளும், அவர்களுக்குப் பால் கொடுத்த ரோசி என்ற பசுவும்தான். அந்த ஆவணியில் தோட்டத்துத் துரை ஓர் உத்தரவு போட்டார். வறட்சி வந்தால் தோட்டத்து வண்டி மாடுகளுக்கே தீவனம் போதுவதில்லை. ஆகவே பங்குனிக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பசுக்கள் பதினொன்றையும் விற்றுவிட வேண்டும்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தை முன்னால் போனாள்.

“ஆத்தோரம் ஓயாக்கரையில ரெண்டு ஏக்கர் சும்மா கெடக்குதுங்க தொரை. அதக் குடுத்தீங்கன்னா எங்க மாட்டுக்கு நாங்களே தீனி போட்டுக்குவோம்.”

வண்டி மாடுகளைப் பார்த்துவந்த ஏழுமலையும் அதே நிலத்தைக் கேட்டிருந்தார். துரைக்கு எதையும் நிறுத்துப் பார்க்கும் பைத்தியம் உண்டு. அந்த நிலத்தில் கால் ஏக்கரை மட்டும் அளந்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். மூன்று போகம் விதைக்க வேண்டும். மூன்றாம் வெட்டில் யாருடைய தீவனம் கூடுதலோ, ஓயாக்கரை முழுவதும் அவருடைய மாடுகளுக்கு. அத்தை தோற்றால் பசுக்கள் சந்தைக்கு.

ஏழுமலை சோளத்தை வீசி விதைத்தார். வெட்டியதும் மறுபடி சோளம், அதன் பிறகும் சோளம். மழை நின்ற நாட்களில் ஓயாவிலிருந்து வாய்க்காலைத் திறந்து பாத்தி முழுக்கத் தண்ணீரை நிறுத்துவார். அத்தை ஒரு சாண் இடைவெளியில் வரிசை பிடித்தாள். வரிசைகளுக்கு நடுவே மட்டும் தண்ணீர், அதுவும் மூன்று நாளுக்கு ஒரு தடவை. முதல் சோளத்தை வெட்டிய இடத்தில் தட்டைப்பயறு போட்டாள். ஐப்பசி மழையில் அது முளையிலேயே அழுகிப்போயிற்று. வீட்டில் குழம்புக்கு வைத்திருந்த பயறைக் கொண்டுவந்து, மண்ணை மேடாக்கி மறுபடி விதைத்தாள். பிள்ளைகள் அந்த மாதம் வெறும் ரசம்தான் சாப்பிட்டார்கள்.

“பயித்தங்கொடிய மாடு திங்கும். அடுத்து வர்ற சோளம் எதத் திங்கும் புள்ள?” என்று ஏழுமலை கேலி செய்தார்.

“அந்தப் பயறு மண்ணுல வச்சுட்டுப் போனதத் திங்கும்ணே.”

தை மாதம் வைத்த மூன்றாவது சோளம் அவள் பாதியில் கருகருவென்று எழும்பியது. ஏழுமலையின் பாதி வெளிறிக் கிடந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அத்தைதான் ஜெயிப்பாள் என்றார்கள்.

பங்குனியில் வெட்டு. தேயிலை ஆலையான ஸ்டோர் வாசலில், கொழுந்து நிறுக்கும் தராசில், ஐயாவு கணக்கப்பிள்ளை நிறுத்தார். ஏழுமலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து றாத்தல். அத்தை ஆயிரத்து எழுநூற்று எண்பது.

தன் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று என் அப்பா சொல்வார். அவள் நேராக ஏழுமலையின் குவியலுக்குப் போய் ஒரு சோளத் தட்டையை உருவி முறுக்கினாள். தண்ணீர் ஒழுகியது. விடியற்காலையில் வாய்க்காலைத் திறந்து, தட்டையின் மேலும் வாளி வாளியாக ஊற்றியிருந்தார் மனுஷன்.

“அய்யா, நனைஞ்ச கொழுந்துக்குத் தண்ணின்னு ரெண்டு றாத்தல் கழிக்கிறீங்க. நனைஞ்ச தீனிக்குக் கழிக்க மாட்டீங்களா?”

“எவ்வளவு தண்ணின்னு யாரு கண்டா?” என்றார் கணக்கப்பிள்ளை.

“கொழுந்துக்கு மட்டும் எப்புடிங்க கண்டீங்க?”

துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தை அவர் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு பேரோடதையும் மேல மாடியில கொழுந்து வாட்டுற தட்டுல பரப்பச் சொல்லுங்க தொரை. நாளைக்குக் காலையில நிறுங்க.”

தன்னுடையதும் வாடினால் நிறை குறையும் என்பது அவளுக்குத் தெரியும். எவ்வளவு குறையும் என்பதுதான் தெரியாது. ரோசியின் கதி அந்தத் தட்டில் கிடந்தது.

மறுநாள் காலை துரையே தராசுக்குப் பக்கத்தில் நின்றார். ஏழுமலை ஆயிரத்து இருநூற்று ஐந்து. அத்தை ஆயிரத்து இருநூற்று எழுபது. இரண்டு தடவை நிறுத்தும் அதேதான்.

ஏழுமலை தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி புள்ள. அந்தப் பயறுல ஒரு சுண்டு எனக்கும் குடு” என்றார். அத்தை இரண்டு சுண்டு அளந்து கொடுத்தாள். ஓயாக்கரை லயத்து மாடுகளுக்கு வந்தது. ஒரு பசுவும் சந்தைக்குப் போகவில்லை.

சித்திரையில் மழை பிடித்தது. கொழுந்துக் கூடைகளில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பெண்கள் நிறுவைக்கு வரிசையில் நின்றார்கள். அத்தையின் முறை வந்தது. ஐயாவு கணக்கப்பிள்ளை பழக்கத்தில் கழிப்பதற்குப் பென்சிலைத் தூக்கியவர், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எங்கள் அத்தை அன்று வாயே திறக்கவில்லை. தலையைத் திருப்பி ஸ்டோர் மாடியைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் முழு நிறையையும் எழுதினார். பின்னால் நின்ற நாற்பது பெண்களுக்கும் அப்படியே எழுதினார்.