வெள்ளிக்கிழமை அட்டெண்டன்ஸ்

இன்றைக்கும் யாராவது "பிரசென்ட்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பயிற்சி வகுப்போ, என் பிள்ளையின் பள்ளிக்கூடமோ, எங்கே கேட்டாலும் சரி. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் என் வகுப்புத் தோழர்கள் என் பிழைப்பில் மண்ணைப் போட்டார்கள். ரொம்ப நாள் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பு வரை நான் வளைகுடாவில் ஒரு இந்தியப் பள்ளியில் படித்தேன். அப்பா அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனியை இழுத்து மூடியதும் இரண்டே வாரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு அம்மாவின் ஊரான மண்ணூருக்கு வந்து விழுந்தோம். வந்த அவசரத்தில் ஒன்று அங்கேயே நின்றுபோனது. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பிறந்த தேதி தப்பாக இருந்ததால், திருத்தி வாங்கப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்திருந்தோம். அது திரும்பி வருவதற்குள் நாங்கள் விமானம் ஏறிவிட்டோம். கையில் இருந்தது ஒரு ஜெராக்ஸ். "ஒரிஜினல அப்புறமா கொண்டாந்து குடுத்துடறேன் சார்" என்று அப்பா கெஞ்சி, அந்த ஜெராக்ஸைக் காட்டித்தான் ஸ்ரீபெரும்புதூரில் என்னை பிளஸ் டூ முடிக்கவைத்தார். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

பிளஸ் டூ முடித்துச் சில வருடம் அங்கும் இங்கும் அலைந்து, சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் செய்யும் ஆலையில் சேர்ந்தேன். கான்ட்ராக்ட் வேலை. தொப்பி, கோட்டு, முகமூடி என்று கண் மட்டும் தெரிகிற மாதிரி எட்டு மணி நேரம் அசெம்ப்ளி லைனில் நிற்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் எங்கள் வகுப்பு மானிட்டர் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு, பழைய ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து ஒரு மின்னஞ்சல் குழு ஆரம்பித்தான். நாற்பது பேரில் நாற்பது பேரும் சிக்கினார்கள். அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

அவன் கண்டுபிடித்ததுதான் வெள்ளிக்கிழமை அட்டெண்டன்ஸ். வளைகுடாவில் வெள்ளிதான் விடுமுறை, அதனால் வெள்ளி. பள்ளியில் டீச்சர் எண் சொல்லிக் கூப்பிடுவது போலவே, முதல் எண்காரன் "ஒன்று, பிரசென்ட்" என்று ஒரு வரி எழுதி, சேதி இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புவான். இரண்டாம் எண் அதன் கீழேயே தன் வரியைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அப்படியே நாற்பது வரை. பெயர் போடக்கூடாது, எண் மட்டும். ஒருவரைத் தாண்டி இன்னொருவர் குதிக்கக்கூடாது. ஒரு எண் வரவில்லை என்றால் மொத்த வகுப்பும் அங்கேயே நிற்கும். ஏழு கழுதை வயதில் இது என்ன விளையாட்டு என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்ட் என்றால் இரண்டரை மணிக்கே கம்பெனி பஸ்ஸில் வந்து சுங்குவார்சத்திரத்தில் இறங்கிவிடுவேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடை மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். "பிரசென்ட்" போட்டுவிட்டு மற்றவர்களின் வரிகளை மேலோட்டமாகப் பார்ப்பேன். ஒருத்தன் கனடாவில் வீடு வாங்கினான், ஒருத்திக்குப் பதவி உயர்வு, இன்னொருவனுக்கு விசா. நான் என்ன எழுத? எலக்ட்ரானிக்ஸ் துறையில் இருக்கிறேன் என்று ஒருமுறை எழுதினேன். பொய் இல்லையே! மற்ற வாரங்களில் கேண்டீன் சாப்பாட்டைப் பற்றி எழுதுவேன்.

ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பதினேழாம் எண் பெண் நின்றுவிட்டாள். மூன்று வெள்ளி பட்டியல் பதினாறிலேயே நின்றது. நான் பஸ் பிடித்து ஓடிவந்து அரை மணி உட்கார்ந்து, என் முறை வராமலே எழுந்து போக வேண்டியிருந்தது. "பதினேழு தூங்குகிறாளா, யாராவது எழுப்புங்கள்" என்று நானே ஒரு கடிதம் தட்டினேன். நாலாம் வாரம் மானிட்டர் அவள் எண்ணை எடுத்துவிட்டு, அதற்குக் கீழே இருந்தவர்களை எல்லாம் ஒரு படி மேலே நகர்த்தினான். பள்ளியில் இருபத்து நான்காக இருந்த நான் குழுவில் இருபத்து மூன்று ஆனேன். அப்பாடா என்று இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லைனிலிருந்து ஒருவரைக் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக எடுக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். நிரந்தர வேலை. நிற்க வேண்டாம், நாற்காலி உண்டு. பரீட்சை வைத்தார்கள். நான்தான் முதல். ஹெச்ஆர் அதிகாரி என் ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரிஜினல் மார்க் ஷீட் எங்கம்மா?"

கதையைச் சொன்னேன்.

"அதெல்லாம் சரி. ஜெராக்ஸ வெச்சிகிட்டு ஃபைலை மூவ் பண்ண முடியாது. இருபது நாள் டைம் தரேன். அதுக்குள்ள கொண்டாந்தா நீ. இல்லாட்டி அடுத்த ஆளு."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பள்ளிக்குப் போன் போட்டேன். மார்க் ஷீட் பத்திரமாக இருக்கிறதாம். தபாலில் அனுப்ப மாட்டார்களாம். யாராவது நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாமாம். எனக்கு உயிர் வந்தது. எங்கள் வகுப்பில் மூன்று பேர் இன்னும் அதே ஊரில்தான் இருந்தார்கள். பள்ளியின் சுவரைத் தொட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்கள்.

தனித்தனியாக எழுதியிருக்கலாம்தான். ஆனால் வெள்ளிக்கிழமைப் பட்டியலை முப்பத்தொன்பது பேரும் பார்ப்பார்களே, போட்டி போட்டுக்கொண்டு ஓடுவார்களே என்று நம்பி, என் வரியிலேயே எழுதினேன். எலக்ட்ரானிக்ஸ் துறை என்ற வேஷத்தையும் கலைத்தேன். லைனில் நிற்கிறேன், இந்தக் காகிதம் வந்தால் என் வாழ்க்கை மாறும், இருபது நாள்தான் இருக்கிறது, யாராவது போய் வாங்கி அனுப்புங்கள் என்று கூச்சத்தை விட்டு எழுதினேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். என் வரிக்குக் கீழே பதினாறு வரிகள். இருபத்து நான்கு, பிரசென்ட். இருபத்தைந்து, பிரசென்ட், இங்கே பனி கொட்டுகிறது. இருபத்தாறு, பிரசென்ட். இப்படியே கடைசி வரை. அந்த மூன்று பேரில் இரண்டு பேர் எனக்குக் கீழேதான் எழுதியிருந்தார்கள். என் கடிதத்தைப் பதினாறு முறை சுமந்து அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரும் படிக்கவில்லை.

அடுத்த வெள்ளி மறுபடி எழுதினேன், முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில். எனக்கு அடுத்த எண்காரன், பள்ளியில் என் ஜியாமெட்ரி பாக்ஸை வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவன், கீழே எழுதியிருந்தான்: "இருபத்து நான்கு, பிரசென்ட். இருபத்து மூன்று ஏன் கத்துகிறாள்?" பக்கத்தில் ஒரு சிரிப்புக் குறி. கத்துவது தெரிந்திருக்கிறது, கத்தியது என்ன என்று தெரியவில்லை! விசைப்பலகையை நான் குத்திய குத்தில் சென்டர்காரர் எழுந்து வந்துவிட்டார்.

"இன்னா தங்கச்சி, கீபோர்டு உன்ன இன்னா பண்ணுச்சு? நீ ஒடச்சிட்டா நான் இன்னா பண்றது? மெதுவாத் தட்டு."

வீட்டில் அம்மா என்னைவிடக் கொதித்தாள். "நம்ம வூட்ல வந்து இட்லி துன்னுட்டுப் போன பசங்கதானே அதுங்க? ஒண்ணுத்துக்குக்கூடவா கண்ணு இல்ல?"

லைனில் என் பக்கத்தில் நிற்பவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பரீட்சையில் எனக்கு அடுத்தபடி அவள்தான். அவளுக்கும் ஆறவில்லை. "ஏட்டி, இத்தன பேரு இருக்காவ, ஒருத்தருக்குப் பள்ளிக்கூடம் வரைக்கும் நடக்கக் காலு இல்லியா? நல்ல கூட்டாளிவ புடிச்ச போ!"

மூன்றாம் முறை கெஞ்ச என்னால் ஆகாது. ரோஷம் வந்துவிட்டது. இருபது நாள் முடிந்தது. நாற்காலி தூத்துக்குடிக்காரிக்குப் போனது. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஸ்வீட் பெட்டியை முதலில் என்னிடம்தான் நீட்டினாள். "ஒனக்கு வர வேண்டியதுட்டி இது" என்றாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் "பிரசென்ட்" போடவில்லை. நிற்கட்டும், மொத்த வகுப்பும் இருபத்திரண்டிலேயே நிற்கட்டும் என்று இருந்தேன். அப்போது கடிதங்கள் வந்தன பாருங்கள், மளமளவென்று! இருபத்து மூன்று எங்கே, ஒருத்தியால் எல்லோருக்கும் கஷ்டம், விளையாட்டைக் கெடுக்கிறாள். மூன்று வெள்ளி பார்த்தான் மானிட்டர். நாலாம் வாரம் ஒரு கடிதம் போட்டு என் எண்ணை எடுத்துவிட்டான். எல்லோரும் ஒரு படி மேலே. சிரிப்புக் குறிக்காரன் உடனே எழுதினான்: "இருபத்து மூன்று, பிரசென்ட்."

வயிறு எரிந்தது. பட்டியலிலிருந்து எடுத்தார்களே தவிர, கடிதங்கள் எனக்கு வந்துகொண்டுதான் இருந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு ஒரு கடிதம் எழுதிவிட்டு மொத்தமாகத் தலைமுழுகுவது என்று முடிவு செய்தேன். வெறும் கோபமாக இருந்தால் சிரிப்பார்கள், ஆதாரம் வேண்டும். அடுத்த விடுமுறை நாளில் சென்டருக்குப் போய், ஆரம்பத்திலிருந்து எல்லாப் பட்டியல்களையும் திறந்து, இவர்கள் எதையெல்லாம் படிக்காமல் விட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

இரண்டாம் மாதத்துப் பட்டியல் ஒன்றில் கிடைத்தது. பதினேழாம் வரி. "பதினேழு, பிரசென்ட். செவ்வாய்க்கிழமை அம்மா இறந்துவிட்டார்கள். இங்கே எனக்கு யாரும் இல்லை. யாராவது பேசினால் நன்றாக இருக்கும்." அவ்வளவுதான். கீழே பதினெட்டு, பிரசென்ட். பத்தொன்பது, பிரசென்ட். மாட்டினார்கள் என்று அவசரமாகப் பட்டியலில் கீழே இறங்கினேன். ஒவ்வொருவரையும் கரித்துக்கொட்டிக்கொண்டே இறங்கினேன். ஏழாவது வரியில் நின்றேன்.

"இருபத்து நான்கு, பிரசென்ட். எங்கள் கேண்டீனில் இன்றைக்குச் சிக்கன் பிரியாணி!"

நான்தான், என் பழைய எண்ணில். அந்தப் பிரியாணிகூட எனக்கு ஞாபகம் இருந்தது. பதினேழின் வரியைப் படித்ததாக மட்டும் ஞாபகமே இல்லை. அதற்கு மறுவாரம்தான் அவள் நின்றது. அவள் தூங்குகிறாளா என்று நான் கேட்டது அதற்கும் மறுவாரம்.

நாலு கேள்விக் கடிதம் அதோடு நின்றுபோனது. யாரைக் கேட்க? மானிட்டர் முதல் வாரம் அனுப்பிய முகவரிப் பட்டியலில் அவள் முகவரியைத் தேடி எடுத்து, அவளுக்கு மட்டும் எழுதினேன். உன் வரியை இன்றைக்குத்தான் படித்தேன், மன்னித்துக்கொள் என்று எழுதினேன். மார்க் ஷீட் கதை எதுவும் எழுதவில்லை. அதை எழுத எந்த முகம் இருந்தது எனக்கு?

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. பள்ளியில் எங்களோடு ஆங்கிலம் மட்டுமே பேசியவள், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள்.

"எனக்கும் எல்லா லெட்டரும் வந்துட்டுதான் இருக்கு. நீ மார்க் ஷீட் கேட்டதை அன்னிக்கே படிச்சேன். ரெண்டாவது தடவை பெருசா எழுதினதையும் படிச்சேன். நான் இன்னும் இதே ஊர்லதான் இருக்கேன். ஸ்கூல் எங்க வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம். வேணும்னேதான் போகல. எங்க அம்மாவுக்குக் கீழ நீ பிரியாணி எழுதினே."

மூன்று பேர் என்று நான் எண்ணியிருந்தேன். நான்காவதாக ஒருத்தி இருந்திருக்கிறாள். முப்பத்தொன்பது பேரில் என் கடிதத்தைப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

கோபம் வரவேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். என் நாற்காலி, என் நிரந்தர வேலை, பத்து நிமிட நடை. வரவில்லை. வந்ததெல்லாம் என் மேலேயே திரும்பியது. சென்டர்காரர் "இன்னாம்மா, டைம் முடிஞ்சிடுச்சு, இன்னும் குந்திகினு கீற?" என்று கேட்டபோதுதான் கடிதத்தில் இன்னும் இரண்டு வரி இருப்பதைக் கவனித்தேன்.

"சனிக்கிழமை ஸ்கூல் திறக்கும். போய் வாங்கி அனுப்பறேன். அட்ரஸ் எழுது."

இன்னும் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். அவள் அம்மாவுக்கு என்ன ஆனது, இப்போது யாரோடு இருக்கிறாள் என்று கேட்டு எழுதினேன். அப்புறம் மண்ணூர் முகவரியைத் தட்டி, கடைசியில் இருபத்து நான்கு என்று போட்டு அனுப்பினேன்.