கறுப்புக் கரை வைத்த கார்டு

தூத்துக்குடிப் பஞ்சாலையில் கழிவுப் பஞ்சு அள்ளும் சொரிமுத்துவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. உலகத்திலேயே அழகான பொருள் தபால் கார்டுதான் என்பார். கழிவுப் பஞ்சையும், கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குப்பையில் பொறுக்கிய பழைய கவர்களையும் ஊறவைத்து, வீட்டு ஆட்டுரலில் அரைத்து, கொசுவலையில் வடித்துத் தானே காகிதம் செய்வார். மனைவி இசக்கித்தாய் உரலைக் கழுவியே ஓய்ந்துபோனாள். ஒரு மாதம் அந்த வீட்டு இட்லி இன்லண்டு லெட்டர் நிறத்தில் வெந்தது.

1974இல் குளிக்கிற துண்டு அளவுக்கு ஒரு தபால் கார்டு செய்தார். காகிதத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக மில் நூல். எழுத்துக்குப் பதில் சிவப்பு நூலில் வளைந்து வளைந்து தையல். படிக்க முடிந்தது மூலையில் தைத்த 'சொரிமுத்து' மட்டும். ஓரம் பிசிறுகிறதே என்று பழைய குடைத்துணியை வெட்டி நாலு பக்கமும் கரை கட்டினார். அங்கேதான் சனி பிடித்தது.

வெள்ளிக்கிழமைக்குள் கார்டு மெட்ராஸ் கைவினைக் கண்காட்சிக்குப் போய்ச் சேர வேண்டும். பன்னிரண்டு வருஷக் கிறுக்கை முதன்முதலாக ஒருவர் மதித்துக் கூப்பிட்டிருக்கிறார். இது தவறினால் மறுபடி பஞ்சைத் தொட மனசு வராது. மில்லிலோ லீவு இல்லை என்றுவிட்டார்கள். ஆதிச்சநல்லூர் மைத்துனர் மாசானம் வாழைத்தார் லாரியில் மெட்ராஸ் போகிறவர். அவருக்கு விவரம் எழுதிப் போட்டுவிட்டு, புதன்கிழமை கார்டைச் சுருட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். கார்டு போய்விட்டது, கடிதம் போகவில்லை.

மறுநாள் காலை தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. தலையில் துண்டோடு மாசானம், பின்னால் ஏழெட்டுப் பெண்கள். யார் செத்தது என்று இசக்கித்தாய் கேட்கவில்லை. முதலில் அழுகை, பிறகுதான் விசாரணை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். சொரிமுத்துவும் மரியாதைக்கு மூக்கைச் சிந்திக்கொண்டு, "யாரு மச்சான் போயிட்டா?" என்றார்.

மாசானம் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதாம் மாப்ள."

கறுப்புக் கரை வைத்த கார்டு இழவுச் செய்தி. அதில் இருந்த ஒரே பெயர் இவருடையது. இவ்வளவு பெரிய கார்டு என்றால் இவ்வளவு பெரிய சாவு என்று அங்கே முடிவு கட்டிவிட்டார்கள்.

தான் செத்தது சொரிமுத்துவுக்கு உறைக்கவே இல்லை. இழவுக் கார்டைப் படித்த கையோடு கிழித்துப் போடுவார்களே என்பதுதான் உறைத்தது.

"கார்டு எங்க மச்சான்?"

"கிழிக்காம வீட்டுல வைக்கலாமா?" மாசானம் தலையைச் சொறிந்தார். "அஞ்சு பேரு இழுத்தோம் மாப்ள. சொவத்துல கால ஊனி இழுத்தோம். கிழிய மாட்டேங்கு. அதான் கையோட கொண்டாந்துட்டோம்."

"அஞ்சு பேரா? இன்னொருக்கா சொல்லுங்க."

மாசானம் சொன்னார். அவருடைய காகிதத்தை அதுவரை யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. சொரிமுத்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"சரி, லாரி?"

"அது வெடியக்காலமே போயிட்டு." மாசானம் குரலைத் தாழ்த்தினார். "வார வழியில மில்லு வாசல்லயும் சொல்லிட்டோம் மாப்ள. வாட்ச்மேன் தொப்பியக் கழத்திட்டு அழுதாரு."

இசக்கித்தாய் கண்ணைத் துடைத்தாள். கார்டைச் சுருட்டிக் கணவர் கக்கத்தில் திணித்தாள்.

"செத்தவுகளுக்கு எதுக்கு லீவு? சாயங்கால ரயிலப் புடிங்க."