மருந்துக்கு ஓர் ஐஸ் பெட்டி

என் கணவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சர்க்கரை வியாதி அவரை எலும்பும் தோலுமாக்கியிருந்த சமயத்தில்தான் இன்சுலின் என்ற புது மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன் ஊசி. போடக் கற்றுக்கொண்டது நான்.

மருந்து எப்போதும் குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்றார்கள். ராயபுரத்து வெயிலில், ஓட்டு வீட்டில், குளிர்ச்சிக்கு எங்கே போவது? ஈர மணலில் ஒரு சட்டியைப் புதைத்து, அதற்குள் புட்டியை வைத்தேன்.

சித்திரை முடியும் சமயம், ஒரு காலையில் மருந்துக்குள் ஏதோ திப்பிதிப்பியாக மிதந்தது. அடுத்த புட்டி வர இன்னும் நாலு நாள் இருந்தது. அதையே போட்டேன். மூன்றாம் நாள் அவர் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். திப்பியைப் பார்த்ததை டாக்டரிடம் சொன்னேன். கணவரிடம் சொல்லவில்லை.

அவர் நடமாட ஆரம்பித்ததும் இருவரும் மருந்து வைக்க ஐஸ் பெட்டி வாங்கப் போனோம். கடையில் இரண்டு வகை. ஒன்று தேக்குப் பெட்டி, உள்ளே தகடு அடித்தது. மேல்தட்டில் தினமும் ஐஸ் கட்டி வைக்க வேண்டும். இன்னொன்று வெள்ளை இரும்புப் பெட்டி.

"இதுக்கு ஐஸே வேணாம்மா. அடியில மண்ணெண்ண வெளக்கு எரிஞ்சிகினே இருக்கும், உள்ள தானா ஜில்லுனு ஆயிடும்" என்றார் கடைக்காரர்.

"ஐஸ் வண்டிய நம்பிகினு கீறதுக்கு இது மேலு" என்றார் என் கணவர்.

எனக்கு நெருப்பென்றால் பயம். விளக்கு சரிந்து குப்பத்தில் ஒரு வரிசையே எரிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

"நான் இஸ்கூலுக்குப் போய்ட்டா இத யாருங்க பாத்துகினு இருப்பாங்க?"

அவர் வெள்ளைப் பெட்டியின் கதவைச் சாத்தினார். "உனுக்கு எது சரியோ அத்தயே வாங்கு. ஊசி போடுறவ நீதான."

தேக்குப் பெட்டியை வாங்கினோம்.

ஐப்பசி மழையில் இரண்டு நாள் ஐஸ் வண்டி வரவில்லை. பெட்டிக்குள் கைவிட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால் தண்ணீரில் ஐஸ் ஆலைக்கு நடந்தேன்.

"மிஷினு நின்னுபோச்சும்மா" என்றார் காவல்காரர். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, ஐஸ் மூடியிருந்த மரத்தூளைக் கிளறி மிச்சமிருந்த உடைசல்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். வீடு வருவதற்குள் பாதி கரைந்து முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

ஜன்னல் வெளிச்சத்தில் புட்டியைத் தூக்கிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. மறுபடி பார்த்தேன்.

"இன்னா அப்பிடிப் பாக்குற?" என்றார்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். திப்பி, அடுத்த புட்டி இல்லாதது, தெரிந்தே போட்டது. அழக்கூட வரவில்லை.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நானுந்தான் பாத்தேன். சொன்னா உன் கை நடுங்கும்னுதான் கம்முனு இருந்தேன்."

அதன்பின் ஆறு வருஷம் இருந்தார். அந்த வெள்ளைப் பெட்டியை வாங்கியிருக்கலாமோ என்று அவரிடம் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.