1007, ஈவ்லின், அறை 3

இதை நம்பாதவர்கள் செம்பாக்கத்தில் ஷபீனா வீட்டுக்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஏரிக்குப் போகும் தெருவில் இரண்டாவது வீடு. டீ கொடுப்பாள், நடந்ததையும் சொல்வாள். நான் மூன்று தடவை கேட்டுவிட்டேன். மணி, நிமிடம் எதுவும் மாறவில்லை. புளுகுகிறவர்கள் மூன்றாவது தடவைக்குள் கொஞ்சம் மசாலா சேர்த்துவிடுவார்கள். இவள் சேர்க்கவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே சர்வர், கம்ப்யூட்டர் எல்லாம் ஷபீனா பொறுப்பு. முதலாளி கிபாயத்துல்லா நல்ல மனிதர்தான், ஆனால் எதிலும் அவசரம். ஊழியர்களின் பாஸ்வேர்டை எல்லாம் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் எழுதி, கீபோர்டுக்கு அடியில் ஒட்டச் சொன்னவர் அவர். ஆள் லீவு போட்டாலும் அவர் பெயரில் கையெழுத்து விழுந்து ரிப்போர்ட் வெளியே போக வேண்டுமாம். ஷபீனா தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே.

ஈவ்லின் அங்கே டெக்னீஷியன். இருபத்தொன்பது வயது. நவம்பரில் டெங்குவில் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்த மறுநாளே அவளுடைய யூசர் கணக்கை ஷபீனா சர்வரிலிருந்து நீக்கிவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து நாலு ரிப்போர்ட் வெளியே போயின. நாலிலும் கையெழுத்து ஈவ்லின். பிளேட்லெட் குறைவு, உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று. அந்த நாலு பேர் ரத்தத்துக்கும் நிலையத்தில் ஏற்கெனவே 'நார்மல்' என்று போட்டு வைத்திருந்தார்கள். மருத்துவமனையில் மறுபடி சோதித்தபோது ஈவ்லின் போட்டதுதான் சரி என்று தெரிந்தது.

வியாழக்கிழமை கிபாயத்துல்லா ஷபீனாவைக் கூப்பிட்டார்.

"சர்வர் சாவி உன் கையிலதானேம்மா இருக்கு?"

"ஆமா சார்."

"அப்ப செத்தவ பேர்ல நீதான் போடுற. நாளைக்கு ஜும்மா முடிச்சுட்டு வருவேன். அதுக்குள்ள தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிடு. இல்லன்னா ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

"எழுதித் தர மாட்டேன் சார். யாருன்னு புடிச்சுத் தரேன்."

வேலை போவது ஒரு பக்கம். இந்தப் பழியோடு வெளியே போனால் தாம்பரத்தில் எந்த ஆபீஸும் அவளைச் சர்வர் பக்கம் விடாது.

வெள்ளி, மதியம் 12.50. ஆண்கள் பள்ளிவாசலுக்கு. மற்றவர்கள் சாப்பாட்டுக்கு. வாட்ச்மேன் ரங்கன் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"இன்னா மேடம், சாப்டப் போல?"

"வேலை இருக்கு அண்ணா."

"ஆளே இல்லாத எடத்துல தனியா குந்திகினு இன்னா வேலையோ..." என்று முனகிக்கொண்டே டீக்கடைக்குப் போனார்.

வரிசையாக மூன்று அறைகள். முதல் அறையில் சர்வரும் ஷபீனாவும். இரண்டாவதில் ரத்தம் எடுப்பார்கள். மூன்றாவதில் சோதனை மெஷின்கள். ஈவ்லின் ஐந்து வருடம் வேலை பார்த்தது அந்த மூன்றாவது அறையில்.

சர்வரில் ஒரு ஃபைல் உண்டு. பெயர் பாஸ்வேர்ட் ஃபைல், ஆனால் பாஸ்வேர்ட் மட்டும் அதில் இருக்காது. ஆளுக்கு ஒரு வரி. எண், முழுப்பெயர், உட்காரும் அறை இப்படி. பெயரைத் தட்டிக் கேட்டால், ஆள் இருந்தால் வரி வரும். இல்லாவிட்டால் எதுவும் வராது.

12.58. ஈவ்லின் என்று தட்டினாள். எதுவும் வரவில்லை. சரிதானே, அவள்தானே நீக்கினாள்.

1.04. சும்மா இன்னொரு முறை தட்டினாள்.

வரி வந்தது.

1007, ஈவ்லின், அறை 3.

எவனோ வெளியிலிருந்து விளையாடுகிறான் என்று நினைத்தாள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிக் கீழே போட்டாள். அந்த வரியை நீக்கினாள்.

1.07. மறுபடி கேட்டாள்.

1007, ஈவ்லின், அறை 3.

மூன்றாவது அறையில், ரத்த மாதிரிக் குழாய்களைச் சுழற்றும் மெஷின் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. ங்ங்ங்ங்...

நானாக இருந்தால் ஷட்டருக்கு அடியில் உருண்டு ரயில்வே ஸ்டேஷனில் போய்த்தான் நின்றிருப்பேன். ஷபீனா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை நீக்கினாள்.

1.09. மெஷின் நின்றது.

கேட்டாள்.

1007, ஈவ்லின், அறை 2.

இரண்டாவது அறையில் லைட் எரிந்தது. ரத்தம் கொடுப்பவர்கள் உட்காரும் நாற்காலி... யாரோ உட்கார்ந்து எழுந்தது போல... முனகியது. ஸ்பிரிட் வாசனை வந்தது.

நீக்கினாள். விரல் தப்பவில்லையாம்.

1.11. கேட்டாள்.

அறை 1.

அவள் இருந்தது அறை ஒன்றில்.

முதுகுக்குப் பின்னால் சக்கர நாற்காலி ஒன்று நகர்ந்தது. கிர்ர்ர்... கிர்ர்... பக்கத்தில் வந்து நின்றது.

ஷபீனா திரும்பவில்லை. எழவும் இல்லை.

"ஈவ்லின், உன்னால என் வேலை போகுது. இந்த லைட்டு, மெஷினு வேலைலாம் என்கிட்ட வேணாம். நான் எழுந்து போக மாட்டேன். இனிமே உன் பேரை அழிக்கவும் மாட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லு."

1.13.

பிரிண்டர்.

டரக்... டரக்...

ஒரே ஒரு தாள்.

நோயாளி பெயர்: ஈவ்லின். பிளேட்லெட்: பதினோராயிரம். கையெழுத்து: ஈவ்லின்.

அந்த அளவுக்கு மனுஷி ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்க வேண்டும் என்று ஷபீனாவுக்கும் தெரியும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடினாள். அதே நோயாளிக்கு இன்னொன்று இருந்தது. நவம்பர் 12. பிளேட்லெட் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். நார்மல். அதிலும் கையெழுத்து ஈவ்லின்.

ஆனால் அன்றைக்கு ஈவ்லின் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். அவள் ரத்தத்தை அவள் தம்பிதான் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

2.05. தலையில் தொப்பியோடு கிபாயத்துல்லா வந்தார். இரண்டு தாளையும் மேசையில் வைத்தாள்.

"பன்னெண்டாம் தேதி ஈவ்லின் லீவு. அவ ரத்தத்துக்கு அவ பேர்லயே நார்மல்னு கையெழுத்துப் போட்டது யாரு சார்?"

அவர் படித்தார். உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நூத்தம்பது சாம்பிள்மா... நம்ம புள்ளதானே, ஒண்ணும் இருக்காதுன்னு..."

"டெஸ்ட்டே பண்ணலையா?"

அவர் தாளைத் திருப்பி வைத்தார்.

"இப்ப யாரு சார் எழுதிக் குடுக்கணும்?"

எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் கீபோர்டுகளைக் கவிழ்த்து, பிளாஸ்டர்களை எல்லாம் தன் கையாலேயே பிய்த்துப் போட்டார். ஷபீனா அங்கேதான் இன்னும் வேலை பார்க்கிறாள். பாஸ்வேர்ட் ஃபைலில் ஈவ்லின் வரியும் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லும் தைரியம் இதுவரை யாருக்கும் வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை அந்தப் புதுத் தாளை நிதானமாகப் படித்தபோதுதான் ஷபீனா கவனித்தாள். ரத்தம் வந்த தேதி 12 இல்லை. நவம்பர் 14, காலை 9.20.

வரவேற்பு மேசையின் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தாள். 14, 9.20. பெயர் ஈவ்லின். கொண்டுவந்தவர் என்ற இடத்தில், 'நானே'. ஈவ்லினின் சாய்ந்த கையெழுத்து. குளிர்பெட்டியின் கடைசித் தட்டில், பனிக்கட்டி மூடி, அந்தத் தேதியிட்ட குழாயும் கிடந்தது. அதன் மூடியை யாரும் திறந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு சேலையூரில் ஈவ்லினின் அம்மா தபீதாள் வீட்டுக்குப் போனாள். பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"பதினாலாம் தேதி காலைல ஈவ்லின் லேபுக்கு வந்தாளா அத்தை?"

தபீதாள் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"பதினாலா? அன்னிக்கு விடியக்காலம் நாலு பத்துக்கே அவ போயிட்டாளேம்மா..."