அட்மின் வீட்டம்மா

என்னிடம் யாராவது தப்பாக நடந்துகொண்டால், அன்றைக்கு அவர்கள் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்கள் என்பது வரை எனக்கு மறக்காது. என் கணவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். "பாம்பு கூட மறந்துரும்டி, நீ மறக்க மாட்ட" என்பார். முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர் பட்டாசுப் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று போட்டிருந்தது சந்தன நிறச் சட்டை.

கணவர் இறந்து அப்போது மூன்று மாதம். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் ஃபோர்மேன். ஆடி மாதத்தில் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். வெடி விபத்து இல்லை, நெஞ்சுவலி. எங்கள் பக்கம் யார் செத்தாலும் வெளியூர்க்காரர்கள் விபத்தா என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் ஒருவரிடம் ஆமாம் என்றே சொல்லிவிட்டேன்.

அவர் விருதுநகரில் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தவர். கூடப் படித்தவர்களும் முன்பின் படித்தவர்களுமாகச் சேர்ந்து சங்கம் வைத்திருந்தார்கள். வருடம் முழுக்க சீசன், லோடு, ஆர்டர் என்று அலைகிறவர்கள், தீபாவளி முடிந்து கம்பெனிகள் எல்லாம் லீவு விட்டதும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கல்லூரி அரங்கத்தில் கூடுவார்கள். அவர்களுக்கான வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியது என் கணவர், தன்னுடைய போனில்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் பிறந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை (அதற்கும் ஒரு சட்டை நிறம் இருக்கிறது). ஆகவே சொந்தபந்தம் என்று எனக்கிருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான். எந்த இரண்டு சம்சாரங்களை ஒரே பந்தியில் உட்காரவைக்கக் கூடாது, யார் மகள் பிளஸ் டூவில் தோற்றதைக் கேட்கக் கூடாது, யாருக்குச் சர்க்கரை, எல்லாம் எனக்குத்தான் தெரியும். மேடையில் விளக்கேற்றும் ஐந்து பெண்களில் நானும் ஒருத்தி. படித்தது அவர்கள்தான். சங்கத்தை நடத்தியது நான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமை இருந்தது, அதுவும் உண்மை.

செயலாளர் என் கணவரின் வகுப்புத் தோழர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "நல்லாருக்கீகளா தங்கச்சி? சங்கத்துல தீர்மானம் போட்டுருக்கோம். தவறிப்போன நம்ம ஆளுக குடும்பத்தை விட்டுறக் கூடாது. வருசா வருசம் தீபாவளிக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் வீடு தேடி வந்துரும்" என்றார்.

ஆள் போய் வருஷம் திரும்பாத வீட்டில் தீபாவளி கிடையாது. இது ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கல்யாணம், காதுகுத்து, தேர்தல் எதுவானாலும் கை தானாகப் பட்டாசுப் பெட்டியின் மேல்தான் போகும். இதற்கும் போயிருக்கிறது. பெட்டியில் அச்சடித்திருந்த தீபாவளி நல்வாழ்த்துகளின் மேல் "ஆழ்ந்த இரங்கலுடன்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஸ்டிக்கர் அகலம் பத்தவில்லை. இரங்கலுக்குப் பின்னால் "த்துகள்" நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஆஃப்செட் அச்சகத்தில் லேபிள் சரிபார்க்கிறவள். அழவேண்டிய நேரத்தில் என் கண் அங்கேதான் போனது.

"லேசா இங்கன பாருங்க தங்கச்சி" என்று போனை எடுத்தார். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"நீங்க எதுக்கு அலையணும்? எல்லாரும் ஜோடியா வருவாக. பாத்தா உங்களுக்கும் மனசு கஷ்டமாயிரும். அதான் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துட்டம்லா." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இன்னொண்ணு தங்கச்சி. அவன் நம்பர்ல இருந்து நீங்களே குரூப்பை விட்டு வெளிய வந்துருங்க. நான் எடுக்கலாம்னு பாத்தேன், முடியல. ஆரம்பிச்ச ஆள எடுக்க முடியாதாம்."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். ஆரம்பித்தவரை நீக்க முடியாது என்பது எனக்குத் தெரியாது. அவராக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் பெட்டியைப் பிரிக்காமலே துணி ஊறப்போடும் வாளித் தண்ணீரில் அமுக்கி, மேலே அம்மிக்குழவியை வைத்தேன். குமிழ் குமிழாக வந்தது. அது அடங்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

சாயங்காலம் குழுவில் என் படம் வந்தது. "மறைந்த நண்பரின் இல்லத்தரசியைக் கைவிடாத நம் சங்கம்" என்று எழுதியிருந்தார். கீழே கைதட்டு, கைதட்டு, கும்பிடு. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உள்ளேதான் இருக்கிறேன், படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இவர்களை விடக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். நான் வெளியே போகப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அரங்கத்துக்கும் போவேன். தனியாகப் போனால் பாவம் என்று ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். சங்கத்தில் செத்தவர்களின் சம்சாரங்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டுபோய் முதல் வரிசையில் உட்கார வேண்டும். எப்படி விளக்கேற்றுகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

ஆளைத் தேட கணவர் போனில் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனேன். அவரைத் தவிர இறந்தவர்கள் நான்கு பேர். நான்கு இடத்திலும் இரங்கல் செய்திகள் ஓய்ந்து ஒரு வாரத்தில் ஒரு சின்ன வரி இருந்தது. "இந்த எண்ணை நீங்கள் நீக்கினீர்கள்." அவர் போன் என்பதால் அப்படித்தான் காட்டும். ஆனால் போன் என் கையில் இருந்தது. நீங்கள், நீங்கள் என்று நான்கு முறை படித்தேன். அதைத் தாண்டி யோசிக்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ் பிடித்து சாத்தூர் போனேன். அந்த நால்வரில் ஒருவரின் சம்சாரம் அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், மேற்பார்வை பார்க்கிறார். கூட்டங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை சாப்பிட்டவர். அவர் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் துக்கத்துக்குப் போனதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு போன் கூடச் செய்யவில்லை என்பது அவர் வீட்டு வாசற்படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது.

"வாங்க" என்றார். காப்பி கொடுத்தார். நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். பெட்டி, படம், செயலாளர், முதல் வரிசை. அவர் ஒரு முறை கூட "உச்" கொட்டவில்லை.

"எனக்கும் பெட்டி வந்துச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டேன். அதுல எனக்குக் கோவமில்ல. செயலாளரு மேலயும் கோவமில்ல. என்னைய குரூப்ல இருந்து எடுத்தது உங்க வீட்டுக்காரருதான?"

இரண்டு வருஷத்துக்கு முந்தைய காலை ஒன்று அப்படியே முன்னால் வந்து நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் இந்த அம்மா தன் கணவர் எண்ணிலிருந்து தினமும் குழுவில் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருந்தார். ரோஜாப்பூ, முருகன், சூரிய உதயம். என் கணவர் போனை வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தார். தோசைக் கரண்டியோடு நின்ற நான்தான் சொன்னேன்: "எடுத்து விடுங்க. ஆம்பளைக பேசுற இடத்துல அந்தம்மாவுக்கு என்ன வேலை?"

மறைத்திருக்கலாம். செத்தவர் தலையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அதுவும் வரவில்லை. "அவுக மேல தப்பில்ல. நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றார் அந்த அம்மா. "மறுநாளே போன் பண்ணிச் சொன்னாரு. 'வீட்ல ரொம்ப சொல்றா மதினி, தப்பா நெனைக்காதீக'ன்னாரு."

செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அந்தக் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. என்னை வில்லியாக்கிவிட்டு வந்து, அன்றிரவு என் கையாலேயே சாப்பிட்டிருக்கிறார்.

"நான் காலையில வணக்கம் போட்டது எதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "குரூப் ஆரம்பிச்ச நாள்ல இருந்து அவரு காலையில எந்திரிச்சதும் செய்ற வேல அது. யாராச்சும் ஒரு ஆளு பதிலுக்குப் போட்டா, அன்னைக்கு அவரு இருக்கிற மாதிரி இருக்கும். அம்புட்டுதான்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை வாரேன். மத்த மூணு பேரையும் நானே கூட்டிட்டு வாரேன், அவுகளோட எனக்குப் பழக்கம் இருக்கு. ஆனா என்னைய உள்ள சேத்துட்டு நீங்க வெளிய போயிரணும். கூட்டத்துக்கும் நீங்க வரக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"எனக்கு மனசு ஆறுற வரைக்கும்."

என்னைத் தெருவில் நிறுத்திவைத்து அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது. எதற்காக இவ்வளவும் ஆரம்பித்தேனோ அதையே கேட்டார். மறுத்திருக்கலாம். மறுத்துவிட்டு நான் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, செயலாளர் என்னைக் கெஞ்சுவதை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் நான் பார்த்தது எனக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. அதே இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கேட்டிருப்பேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதலில் நான்கு எண்களையும் சேர்த்தேன். சாத்தூர் அம்மாவை அட்மின் ஆக்கினேன். செயலாளரையும் அவரோடு அட்மினாக இருந்த இரண்டு நண்பர்களையும் அந்தப் பொறுப்பிலிருந்து இறக்கினேன். செயலாளரை நீக்கவில்லை. நீக்கினால் அவருக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும், உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும். அந்தப் பொத்தானை அழுத்தியபோது இருந்த சந்தோஷத்தை நான் மறைக்க மாட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் குழுவின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கணவர் வைத்த பெயர். வெளியேறினேன்.

அரைமணி நேரத்தில் செயலாளரின் போன் வந்தது. "என்ன தங்கச்சி இது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தம்மாட்ட நீங்கதான் பேசணும். எதைப் போட்டாலும் அழிச்சிருது!"

"நான் அந்த குரூப்ல இல்லியே அண்ணே" என்றேன். "நீங்கதான வெளிய வரச் சொன்னீக."

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். ரசம் வைத்தேன், சாப்பிடவில்லை. மாலையில் ஒரு நண்பரின் மனைவி போனில் சொன்னார். நான்கு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்களாம். விளக்கேற்ற ஆட்களைக் கூப்பிட்டபோது அவர்களாகவே எழுந்து மேடைக்குப் போனார்களாம். தீப்பெட்டியைக் கையில் வைத்திருந்த செயலாளரின் மனைவி கொடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றிருக்கிறார். சாத்தூர் அம்மா கை நீட்டி வாங்கிக்கொண்டாராம். மைக்கில் யாரோ என் பெயரைச் சொல்லி எங்கே என்று கேட்டதற்கு, "அவுகளுக்கு மேலுக்கு முடியல" என்று சொன்னதும் அவர்தானாம்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நல்ல திடமாக இருந்தேன்.

இது நடந்து அடுத்த தீபாவளியும் போய்விட்டது. அந்த வருஷமும் நான்கு பேரும் விளக்கேற்றினார்கள் என்று கேள்வி. பெட்டி வரவில்லை, நிறுத்திவிட்டார்களாம். தினமும் காலையில் எழுந்ததும் கணவர் போனைச் சார்ஜிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன். அந்த அம்மா இன்னும் என்னைச் சேர்க்கவில்லை. நானாக இருந்தாலும் சேர்த்திருக்க மாட்டேன்.