காட்டேரிக் கதையின் கடைசிப் பாகம்

அமெரிக்காவின் ஒஹாயோவில் நானும் என் கணவரும் முதலில் குடியிருந்த சிற்றூரின் நூலகத்தில், எனக்கு இல்லாத மகளை நலம் விசாரிப்பார்கள். என் இங்கிலீஷுக்கு எட்டிய புத்தகங்கள் பதின்வயதுப் பிள்ளைகளின் அலமாரியில்தான் இருந்தன. வெளிறிய முகத்துப் பையன் ஒருவன் அட்டையில் நிற்கும் புத்தகத்தை நீட்டியபோது, முத்திரை குத்திய அம்மாள் "ஃபார் யுவர் டாட்டர்?" என்று கேட்டார். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. புடவையில் வயது கூடித் தெரிந்திருக்க வேண்டும். மறுத்து விளக்க வார்த்தை போதாமல் "யெஸ்" என்றேன். அதன்பின் ஒவ்வொரு முறையும் மகளுக்குக் கதை பிடித்ததா என்று கேட்பார். ரொம்பப் பிடித்தது என்பேன். அந்த அளவில் அது பொய்யில்லை.

ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கும் ரத்தக் காட்டேரிப் பையனுக்கும் காதல். அவனோடு போவதென்றால் அவளும் காட்டேரியாக வேண்டும். ஆகிவிட்டால் வெயில் இல்லை, வீடு இல்லை, அம்மா இல்லை. போவாளா, மாட்டாளா என்று மூன்று பாகம் முழுக்கத் தவிப்பு. ஒவ்வொரு பாகத்தையும் முடித்ததும் கோயமுத்தூர் சிங்காநல்லூரில் இருந்த என் தங்கை கவிதாவுக்குக் கதையைக் கடிதமாக எழுதுவேன். அவள் வாசிக்க, அம்மா மொச்சை உரித்தபடி கேட்பாளாம். அவன் ரத்தம் குடிப்பதைவிட, பகலெல்லாம் தூங்குகிறவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பதுதான் அம்மாவின் கவலை.

அந்தப் பெண் தவிக்கும் பக்கங்களில் எனக்குக் கோயமுத்தூர் ஜங்ஷன் ஞாபகம் வரும். கல்யாணமான இரண்டாம் மாதம், விமானம் ஏறுவதற்காக மெட்ராஸுக்கு ரயிலேறினேன். ஜன்னலோரம் நின்ற அம்மா, வண்டி நகரும்வரை புளிச்சோற்றுப் பொட்டலத்தை எப்போது பிரிக்க வேண்டும் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்காம் பாகத்துக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன். வந்ததும் இரண்டே நாளில் படித்தேன். கடைசியில் எங்கிருந்தோ ஒரு மூலிகை முளைக்கிறது. அதைத் தின்று பையன் மனுஷனாகிவிடுகிறான். கல்யாணம் செய்துகொண்டு, பெண்ணின் அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே குடிவருகிறார்கள். எனக்கு ஏமாற்றத்தைவிடக் கோபம்தான் அதிகம். இரண்டும் கிடைக்குமென்றால் மூன்று பாகம் நான் எதற்கு அழுதேன்? எனக்குத் தெரிந்து யாருக்கும் அப்படிக் கிடைத்ததில்லை.

அதனால் கடிதத்தில் முடிவை மாற்றினேன். பெண் அவனோடு போய்விடுகிறாள். அம்மா வாசல் கேட்டைப் பிடித்தபடி நிற்கிறாள். அவ்வளவுதான். எழுதியவரைவிட நன்றாக முடித்துவிட்டதாகக் கர்வம்கூட வந்தது.

கவிதாவின் பதில் சின்னதாக இருந்தது. "அம்மாகிட்டப் படிச்சுக் காட்டிப்போட்டேனுங்க்கா. கேட்டுப்போட்டு மொச்சையை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடறதில்லை."

அந்தச் சனிக்கிழமை காலை சிங்காநல்லூரில் அம்மாவின் பக்கத்து வீட்டு போனுக்கு அழைத்து, அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அங்கே விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நலம்கூட விசாரிக்காமல் அம்மா கேட்டாள்.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ள அப்பறம் ஊட்டுப்பக்கமே வரலியா?"

"வந்துட்டாளுங்ம்மா. நாந்தான் மாத்தி எழுதிப்போட்டேன்."

ஏன் மாற்றினாய் என்று அம்மா கேட்கவில்லை. நான் வெறுத்த முடிவை முதலிலிருந்து சொன்னேன். மூலிகையை, கல்யாணத்தை, எதிர்வீட்டை. ஒன்றையும் விடாமல், கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

"அப்ப அந்தப் பையன் சோறு திங்கறானா?"

"திங்கறானுங்ம்மா."

"அப்பறமென்ன. நல்லாத்தான முடிச்சிருக்காங்க," என்றாள். அவள் குரல் தெளிந்திருந்தது. எதிர்வீடு என்றால் நேர் எதிரா, கொஞ்சம் தள்ளியா என்று கேட்டாள்.

அது மட்டமான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அன்று அதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு காதில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல். இன்னொரு காதில் அம்மாவின் மூச்சும், பின்னால் அங்கே திருச்சி ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரனும். இரண்டில் எதற்கு மேல் குரலை உயர்த்துகிறேன் என்று தெரியாமலே, நேர் எதிர்வீடுதான், வாசலில் நின்றால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.