கையோடு வந்த கியர் நாப்

ஆம்பூரில் எது உடைந்தாலும் கை முதலில் போவது சொல்யூஷன் டப்பாவுக்குத்தான். செருப்பு வார், குடைக் கைப்பிடி, புத்தகப் பை என்று எல்லாவற்றுக்கும் அதே மஞ்சள் பசை. நான் ஒரு ஷூ கம்பெனியில் ஷூவுக்கு அடி ஒட்டும் பிரிவில் இருபது வருடமாக சூப்பர்வைசர். எங்கள் பழைய காரில், கியர் ராடின் தலையில் இருக்கும் நாப் மரை தேய்ந்து ஆட ஆரம்பித்தபோது யாரையும் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. உள்ளே பசையை நிறைய ஊற்றி, அழுத்தித் திருகி வைத்தேன். மறுநாள் காலையில் அசைத்துப் பார்த்தால் கல் மாதிரி நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் காரை ஓட்டுபவள் என் மனைவி. ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் டீச்சர். வருடக்கணக்கில் இரண்டு பஸ் மாறிப் போய் இடுப்பு வலி வந்து, நாற்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அப்போது சொந்தக்காரர்கள் செய்த கிண்டலில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? லைசென்ஸ் கையில் வந்த அன்று அவள் முகம் இருந்த இருப்பைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

ஏப்ரலில், பரீட்சை நாள் ஒன்றில், கார் பகல் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்து வெயிலில் நின்றிருக்கிறது. சாயங்காலம் திரும்பும் வழியில் ஒரு வளைவு. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இழுத்தவளின் இடது கையோடு நாப் வந்துவிட்டது. என்ன நடந்தது என்று கையைப் பார்த்த அந்த ஒரு நொடியில் எதிரே பஸ். பிரேக்கை மிதித்தாள், வண்டி ஆஃப் ஆனது, பஸ்காரர் ஒரு கை தூரத்தில் நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று வீடு வந்ததோடு சரி, பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"என் கை முரட்டுக் கை. எல்லாரும் சொன்னது சரிதான், எனக்கு இதெல்லாம் வராது" என்றாள். மறுநாளிலிருந்து மறுபடி இரண்டு பஸ். குடியாத்தத்தில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் செய்து, பரீட்சையெல்லாம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து காரை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

உண்மை எனக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. எங்கள் லைனில் பசை தடவிய அடியை உலர்த்தி ஹீட்டருக்குள் விடுவோம். சூட்டில் பசை இளகும், அப்போதுதான் ஷூவில் வைத்து அழுத்துவோம். இருபது வருடமாக என் கண் முன்னால் நடப்பது இதுதான். ஹீட்டரிலிருந்து வெளியே வந்த ஒரு அடியை எடுத்து விரலால் தொட்டேன், பசை நூலாக இழுத்தது. கண்ணாடி ஏற்றிய காரை வேலூர் மாவட்டத்து வெயிலில் நிறுத்தினால் அது ஹீட்டர் இல்லாமல் வேறென்ன? சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். தினமும் வாய் வரவில்லை. பயந்தாங்கொள்ளி என்றால் நான்தான்.

கொடுக்கிற வண்டியை மொட்டை ராடோடு கொடுக்கக் கூடாது என்று அவள் சொன்னதால், தம்பி வருவதற்கு முதல் நாள், சனிக்கிழமை, இருவரும் வேலூருக்குப் போனோம். ராடில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு நான்தான் ஓட்டினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கார பாய், நாப்களை வரிசையாகக் கண்ணாடி மேல் பரப்பினார். எவர்சில்வர் உருண்டை, மரம், உள்ளே நீல விளக்கு எரிவது, தோல் சுற்றியது. எனக்கு உடனே தொழில் புத்தி வந்துவிட்டது. தோல் என்று அவர் சொன்னதை முகர்ந்து பார்த்து, இது ரெக்சின் என்றேன். இன்னொன்றின் தையலைக் குறை சொன்னேன். அவள் தனக்குச் சம்பந்தமில்லாதது போலத் தள்ளி நின்றாள்.

மரை சரிபார்க்க பாய் பழைய நாப்பைக் கேட்டார். கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்து, நகத்தால் மஞ்சளாக ஒரு துண்டைப் பிய்த்தார்.

"இன்னா சார், சொல்யூஷன் ஊத்திக்கீறாங்க? வெயில்ல நின்னா கழண்டுக்குமே. செகண்ட் ஹேண்ட் வண்டியா? முன்ன வெச்சிருந்தவங்க வேலையா இருக்கும்."

செகண்ட் ஹேண்ட் வண்டிதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கிட்டே வந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பாய் ஊத்தினேன்" என்றேன்.

கடையில் வைத்தே வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். ஆனால் அவள் பாயைப் பார்த்து, "அப்ப நான் இழுத்ததால வரலியா?" என்றாள்.

யார் தொட்டிருந்தாலும் வந்திருக்கும் என்றார் பாய்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. "பதினாறு நாளா என் கையையே திட்டினு இருந்தேன்" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. நிம்மதிதான் ஜாஸ்தி.

பிறகு எழுந்து நாப்களை ஒவ்வொன்றாக இடது கையில் பிடித்துப் பார்த்தாள். நல்ல கன்றுத்தோல் வாங்கி நானே சுற்றித் தருகிறேன் என்றேன். "உங்க கை பட்டது எதுவும் வேணாம்" என்றாள். விளக்கு, மரம், எவர்சில்வர் எல்லாவற்றையும் ஒதுக்கி, சாதாரணக் கறுப்பு நாப் ஒன்றை எடுத்தாள். மரை ஆழமாக இருந்தது, அடியில் இறுக்க ஒரு நட்டும் உண்டு. பாய் காருக்கு வந்து ஸ்பேனரால் முடுக்கிக் கொடுத்தார். அவள் உள்ளே சாய்ந்து இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் மேலே இழுத்தாள். மூன்று முறை. அசையவில்லை.

தம்பிக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை, அந்த அளவுக்கு என் மானத்தைக் காப்பாற்றினாள். பிறகு என் முன்னால் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

ஹைவே முழுக்க அவள்தான் ஓட்டினாள். ஆம்பூருக்குள் நுழையும் திருப்பத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினாள். கண் சாலையிலேயே இருந்தது, கையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கண் கலங்கியதைக் காட்டாமல் இருக்க, காற்று வாங்குவது போல ஜன்னலை இறக்கி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏசி ஓடுது. கண்ணாடிய ஏத்துங்க" என்றாள்.

ஏற்றினேன்.